ஓய்வுக்குப் பிறகு எம்.ஏ. வரலாறு

வணக்கம் நண்பர்களே. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதி 58 வயதில் ஓய்வுபெற்றவள் நான் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். இப்போது எம்.ஏ. வரலாறு படிக்கலாம் என்றிருக்கிறேன். கூடவே பகுதி நேர வேலை ஒன்றும் தேடி வந்திருக்கிறது.

"இந்த வயதில் பட்டம் வாங்கி என்ன செய்யப்போகிறாய் அக்கா?" என்கிறான் தம்பி. இதோ, இந்தப் படத்தைப் பாருங்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கல்மணிகள். இவ்வளவு கடினமான கல்லில் நூல் நுழையும் அளவுக்கு எப்படித் துளையிட்டார்கள்? இரும்பு உருக்கிய உலைகளும் அங்கே இருந்திருக்கின்றன. பானை ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஆட்பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். சங்க நூலான பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இத்தனையும் நம் ஊரைக் கடந்து போகும் அதே நொய்யலின் கரையில்! சாயக்கழிவு நுரைத்த நொய்யலைத்தான் வேலைக்குப் போகும் வழியெல்லாம் பார்த்தேன். அதன் பழைய கதையை முறையாகப் படித்தாக வேண்டும் எனக்கு.

அஞ்சல்வழியில் படிக்கும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், சேர வயது வரம்பு கிடையாது. இரண்டாண்டுப் படிப்பை நான்காண்டுக்குள் முடித்தால் போதும். தமிழிலேயே படிக்க விரும்புபவர்களுக்கு 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் சேரப்போவது இக்னோவில். அங்கே மதிப்பெண்ணில் 30 விழுக்காடு ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்), அவற்றைக் கையால் எழுதித் தரவேண்டும். டேலி கணக்கு மென்பொருளில் தட்டியே பழகிய விரல்கள் இவை. காலையில் எழுதிப் பழகுகிறேன். இரண்டாம் பக்கம் வருவதற்குள் கட்டைவிரலடியில் வலி பிடித்துக்கொள்கிறது, எழுத்து சாய்கிறது. பழகிவிடும்.

அடுத்தது பணம். பி.எஃப். வழியாக வரும் இ.பி.எஸ். பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். எனக்கு வருவது அதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். படிப்புச் செலவுக்கு மகளிடம் கைநீட்ட மனமில்லை. பின்னலாடை ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒருவர் ஜிஎஸ்டி கணக்கை மட்டும் பார்த்துத் தரும்படி கேட்கிறார். வேலைக்குப் போனால் பென்ஷன் நின்றுவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 58 வயது முடிந்து வாங்கும் இந்தப் பென்ஷன் நிற்காது.

இடிப்பது தேதிதான். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன். இக்னோ தேர்வுகளோ ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பரில் ஆண்டு ரிட்டர்னும் சேர்ந்துகொள்ளும். முப்பது வருடத்துக்கு மேல் மாதக் கடைசியையும் கெடுத் தேதியையும் பார்த்தே வாழ்ந்தாயிற்று. இனி முதலிடம் படிப்புக்குத்தான்.

ஆகவே அவரிடம் நாளை நேராகவே பேசப்போகிறேன்: தேர்வு நடக்கும் அந்த இரண்டு மாதங்களுக்கும் வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். சம்மதித்தால் ஜூலையில் அட்மிஷனும் வேலையும் சேர்ந்தே தொடங்கும். மாட்டேன் என்றால், வீட்டிலேயே பிளஸ் டூ கணக்குப்பதிவியல் டியூஷன் எடுப்பேன்.