ஆட்டோகேட் தெரிஞ்சா ஜிஐஎஸ் வேலைக்குப் போதுமா? ஒரு எஃப்எம்பி வரைஞ்சு பார்ப்போம்

வணக்கம் மக்களே. "அண்ணா, டிப்ளமோ சிவில் முடிச்சிருக்கேன், ஆட்டோகேட் நல்லா வரும், ஜிஐஎஸ் வேலைக்குப் போலாமா?" இதைத்தான் நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. தாராளமா போலாம். ஜிஐஎஸ்னா, நிலத்தோட வரைபடத்தையும் அதோட விவரத்தையும் பூமியில இருக்கற இடத்தோட சேர்த்து வைக்கற கம்ப்யூட்டர் முறை. ஆனா வீட்டு பிளான் போடுற பழக்கத்தோடயே போனா முதல் வாரமே திட்டு வாங்குவீங்க. பிளானுக்கு, பிரிண்ட்ல சுத்தமா தெரிஞ்சா போதும். இங்க அந்தக் கோடு பூமியில எங்க கிடக்கு, முழுசா மூடியிருக்கா, உள்ள இருக்கற நிலத்தோட நம்பர் என்ன, எல்லாமே சாஃப்ட்வேருக்குப் புரியணும்.

வாயால சொன்னா ஏறாது, வரைஞ்சே பார்த்துடலாம். தமிழ்நாடு அரசோட இணையதளத்துல மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் குடுத்தா எஃப்எம்பி, அதாவது அந்த நிலத்தோட அளவு போட்ட சர்வே படம், வரும். சொந்த நிலத்தோடதை எடுங்க. இல்லையா, மாமா நிலத்தோடது எடுங்க, அவருக்கும் சந்தோஷம்.

இப்போ ஸ்க்ரீனைப் பாருங்க. நிலத்தை முக்கோணம் முக்கோணமா பிரிச்சு, ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம் போட்டிருக்காங்க. கோணம்னு எதுவும் இல்ல. இங்கதான் பல பேர் முழிக்கறாங்க. இது பள்ளிக்கூடத்துல காம்பஸ் வச்சு போட்ட கணக்கேதான். 84.6 மீட்டர் கோடு போடுங்க. ஒரு முனையில 52.4 ஆரத்துல ஒரு வட்டம், இன்னொரு முனையில 61.8 ஆரத்துல ஒரு வட்டம். ரெண்டும் வெட்டுற இடத்துல முக்கோணத்தோட மூணாவது மூலைக் கல். ரெண்டு இடத்துல வெட்டும், படத்துல எந்தப் பக்கம் இருக்கோ அதை எடுத்துக்கோங்க.

அடுத்து ஆஃப்செட். எல்லை நெளிஞ்சு போற இடத்துல, கோட்டுல இவ்ளோ தூரம் போய் பக்கவாட்டுல இவ்ளோன்னு எழுதியிருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் செங்குத்துக் கோடு போட்டுட்டு உக்காராதீங்க. யூசிஎஸ்னு (எக்ஸ், ஒய் அச்சை நம்ம இஷ்டத்துக்கு மாத்தற கமாண்ட்) அடிச்சு, ஓபி குடுத்து, கோட்டைத் தொடுங்க. எந்த முனைக்குப் பக்கத்துல தொடுறீங்களோ அதுதான் பூஜ்யம், கோடே எக்ஸ் அச்சாயிடும். இப்போ 23.4,5.2ன்னு அடிச்சா இடது பக்கம் புள்ளி விழும். வலதுன்னா மைனஸ் 5.2. எஃப்12 அழுத்தி டைனமிக் இன்புட்டை ஆஃப் பண்ணிக்கோங்க, இல்லன்னா பாலிலைன்ல ரெண்டாவது புள்ளியில இருந்து முந்தின புள்ளியை வச்சு கணக்கு போடும். முடிஞ்சதும் யூசிஎஸ், டபிள்யூ குடுத்து பழைய அச்சுக்கே திரும்பிடுங்க.

பழைய படம்னா அளவு லிங்க்ஸ்ல இருக்கலாம். 66 அடி சங்கிலிக்கு 100 லிங்க், அதாவது ஒரு லிங்க் 0.66 அடி, மீட்டர்ல 0.201168. அளவைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

எல்லையை ஒரே பாலிலைனா போட்டு, கடைசியில சி அடிச்சு மூடுங்க. சி இல்லாம கையால மூடினா கண்ணுக்கு ஒட்டின மாதிரி இருக்கும், ஜூம் பண்ணா ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த ரெண்டு மில்லிமீட்டர் போதும், க்யூஜிஐஎஸ்ல (இலவச ஜிஐஎஸ் சாஃப்ட்வேர்) பாலிகான், அதாவது மூடின நிலப்பரப்பு, ஆகாது. அதனால கோட்டு முனையில சரியா ஒட்ட வைக்கற எஃப்3 (ஆப்ஜெக்ட் ஸ்னாப்) ஆன்லயே இருக்கட்டும். எல்லை ஒரு லேயர், அளவுக் கோடுங்க ஒரு லேயர், சர்வே நம்பர் ஒரு லேயர். நம்பரை நிலத்துக்கு உள்ளயே வைங்க. தமிழ்ல ஊர் பேர் போடணும்னா யூனிகோட்ல போடுங்க. பாமினிங்கற பழைய எழுத்துருல அடிச்சா, க்யூஜிஐஎஸ்ல விவரம் இருக்கற அட்ரிபியூட் டேபிள்ல இங்கிலீஷ் எழுத்தா கிறுக்கி வச்சிருக்கும்.

சரி, வரைஞ்சாச்சு. இதை அப்படியே டிஎக்ஸ்எஃப் ஃபைலா சேமிச்சு க்யூஜிஐஎஸ்ல போட்டா நிலம் எங்க போகும்? யுடிஎம் மண்டலம் 44ன்னு (பூமியை ஆறு ஆறு டிகிரி பட்டையா பிரிச்சதுல ஒண்ணு) குடுத்திருந்தீங்கன்னா, கன்னியாகுமரிக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுப் பக்கம் இந்தியப் பெருங்கடல்ல! உங்க படம் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கு, அதான். குறைஞ்சது ரெண்டு சர்வே கல்லுக்கு டிஜிபிஎஸ் (போனை விட ரொம்ப துல்லியமா இடம் காட்டுற கருவி) அளவு வேணும். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், வரப்புத் தகராறுக்கு அது ஆகாது. ரெண்டு புள்ளியும் கிடைச்சதும், அலைன் கமாண்ட் குடுத்து படத்துல இருக்கற ரெண்டு கல்லையும் அந்த இடத்துக்கு நகர்த்துங்க. கடைசியில "ஸ்கேல் பண்ணவா"ன்னு கேக்கும். நோ சொல்லுங்க. எஸ் சொன்னா நிலத்தை இழுத்துப் பொருத்திடும், அளவு எல்லாம் மாறிடும். நோ குடுத்து ரெண்டாவது கல் அரை மீட்டர் தள்ளி நின்னுச்சுன்னா, தப்பான கல்லை அளந்திருக்கீங்க, இல்ல யாரோ கல்லை நகர்த்தியிருக்காங்க. அது தெரிய வர்றதுதான் நமக்கு வேணும்.

மண்டலம் விஷயத்துல ஒண்ணு. 78 டிகிரி கிழக்குக் கோடு தமிழ்நாட்டுக்கு நடுவுல போகுது. கோயம்புத்தூர், திருநெல்வேலி யுடிஎம் 43, க்யூஜிஐஎஸ்ல குடுக்கற ஈபிஎஸ்ஜி குறியீடு 32643. மதுரை, திருச்சி, சென்னை 44, அதாவது 32644. திண்டுக்கல் பக்கம் வேலை பண்றவங்க எதுக்கும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

க்யூஜிஐஎஸ்ல பாலிகனைஸ் போட்டு எல்லைக் கோட்டை பாலிகானா மாத்திட்டு, ஜாயின் அட்ரிபியூட்ஸ் பை லொகேஷன்ல சர்வே நம்பரை உள்ள கொண்டு வந்துடுங்க. அப்புறம் பரப்பளவை எடுத்து பட்டாவோட ஒப்பிடுங்க. பட்டால 0-42.50ன்னா (ஹெக்டேர்-ஏர்) 4,250 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் அஞ்சு சென்ட். கொஞ்சம் வித்தியாசம் சகஜம். நூத்துக்கணக்கான சதுர மீட்டர் வித்தியாசம் வந்தா முதல்ல ஆஃப்செட்டோட பிளஸ் மைனஸைப் பாருங்க, பெரும்பாலும் அங்கதான் இடது வலது மாறியிருக்கும்.

இதை வச்சு யாரும் வேலி போட்டுடாதீங்க, அதுக்கு அரசு சர்வேயர் வந்து அளக்கணும். ஆட்டோகேட் வாங்க வழியில்லாதவங்க லிப்ரேகேட்ல இந்த வட்டம் போடுற வேலையைப் பண்ணலாம், இலவசம். ஆனா நான் காட்டின கமாண்டெல்லாம் ஆட்டோகேட்டுக்கு. அதுக்கு ஏத்த மாதிரி லிப்ரேகேட்ல தனியா ஒரு வீடியோ போடறேன்.