டீ என் கணக்கில், ஆர்டர் உன் கணக்கில்

(வேலூரில் விற்பனைப் பிரதிநிதிகள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து இந்தக் கூட்டத்தை வைத்திருக்கிறார்கள். மாத டார்கெட்டை முடிக்க எல்லோரும் ஓடுகிற 28-ஆம் தேதிக்கு மேல் வைத்திருந்தால் மேடையில் நாங்கள் நான்கு பேரும், கீழே மைக் செட்காரரும்தான் இருந்திருப்போம். அமைப்பாளர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

பணியிடப் போட்டியை நகைச்சுவையால் சமாளிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டிமன்றத்தில் போல வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அரக்கோணம் முதல் வாணியம்பாடி வரை அலைந்தவன் நான். பிறகு ஏரியா மேனேஜராகி மற்றவர்களை அலைய விட்டேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விசித்திரம். டாக்டரின் அறை வாசலில் ஒரு பெஞ்சு. ஆறு மருந்துக் கம்பெனிகளின் ரெப்புகள், அதாவது விற்பனைப் பிரதிநிதிகள், காத்திருக்கிறார்கள். ஒரே வியாதிக்கு ஆறு விதமான மாத்திரை. ஒருவர் உள்ளே போய்த் தன் மாத்திரையை எழுத வைத்துவிட்டால் மற்ற ஐவருக்கும் நஷ்டம். ஆனாலும் அந்தப் பெஞ்சில் பிறக்கிற கிண்டலும் சிரிப்பும் இந்த ஊரில் வேறெங்கும் கிடைக்காது. ஒருவருடைய டை கோணலாக இருந்தால் அடுத்தவர் சரிசெய்கிறார். வண்டி நின்றுபோனால் பள்ளிகொண்டா வரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறார். அதே மனிதர் மாலையில் தன் சொந்தக் கம்பெனியின் சக ரெப்பைப் பார்த்தால், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஏன்? போட்டிக் கம்பெனிக்காரரின் விற்பனை எண் நம் மாதக் கணக்குத் தாளில் இல்லை. சக ஊழியரின் எண் நம் பெயருக்கு ஒரு வரி மேலேயே அச்சாகி வருகிறது. பகை மருந்துக் கடையில் பிறப்பதில்லை, அந்தத் தாளில் பிறக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: விற்பனைத் தொழிலில் எதைப் பார்த்தும் சிரிக்கலாம், பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் பார்த்து மட்டும் சிரிக்கக் கூடாது. இதற்கு இன்னும் இருபது நிமிடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிரியாணி தயாராக அவ்வளவு நேரம் ஆகும் என்றார்கள்.

ஏரியா சண்டையை எடுத்துக்கொள்வோம். அரசு 1989-இல் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்தது, வேலூர் ஒரு பக்கம், திருவண்ணாமலை ஒரு பக்கம். 2019-இல் வேலூரை மறுபடியும் மூன்றாக்கி, ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனிக் கலெக்டர் வந்தார். எல்லைக்காகக் கலெக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூர்க் கடைக்காரர் வேலூர் ஸ்டாக்கிஸ்டிடம், அதாவது மொத்த வியாபாரியிடம், இரண்டு பெட்டி வாங்கிவிட்டால் போதும். அது யாருடைய விற்பனை என்ற சண்டையில் இரண்டு ரெப்புகள் ஆறு மாதம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

வேலூருக்கென்றே ஒரு தனிக் கொடுமையும் உண்டு. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் எத்தனை பேர் இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள் என்பது, ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளப் பெயர்ப்பலகையைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். நம் ரெப் வெயிலில் காத்துக் கிடந்து, டாக்டரிடம் எடுத்துச் சொல்லி எழுத வைப்பார். நோயாளி பத்து நாள் மாத்திரையை இங்கே வாங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டோடு காட்பாடியில் ரயில் ஏறிவிடுவார். மீதி மாதங்களின் விற்பனையெல்லாம் ஹௌரா பக்கத்து ரெப்பின் கணக்கில் ஏறும். அந்த முகம் தெரியாத புண்ணியவான் மேல் இங்கே யாருக்காவது கோபம் வந்து பார்த்திருக்கிறீர்களா? "தீபாவளிக்கு ஒரு ரசகுல்லா டப்பாவாவது அனுப்பச் சொல்லுங்கள்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் நம் விற்பனையைக் கொண்டுபோனால் சிரிப்பு வருகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு பெட்டியைக் கொண்டுபோனால் தூக்கம் வருவதில்லை. சிரிப்பு தேவைப்படுவது பக்கத்து நாற்காலிக்குத்தான்.

அதை அழகாகச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர் சீனியர். குடியாத்தம் ஸ்டாக்கிஸ்டை வருடக்கணக்காகப் பழக்கி வைத்திருந்தவர். மாதக் கடைசியில் வீட்டில் ஒரு விசேஷம், இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். அந்த இடைவெளியில் புதிதாகச் சேர்ந்த தம்பி குடியாத்தம் போய்ப் பெரிய ஆர்டர் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். அது தம்பியின் பெயரிலேயே ஏறியது. சீனியருக்குச் செய்தி எப்படிக் கிடைத்தது? மேனேஜர் குரூப்பில் போட்ட பாராட்டுச் செய்தியாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தம்பிக்கும் பயம். போய்ப் பேசினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும், பேசாவிட்டால் திமிர் என்பார்கள்.

பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே, நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடை. தம்பி ஓரமாக நின்று குடித்துக்கொண்டிருந்தான். சீனியர் வந்தார். தம்பியிடம் பேசவில்லை, டீ மாஸ்டரிடம் பேசினார்.

"மாஸ்டர், தம்பி குடிக்கிற டீயை என் கணக்கில் எழுதுங்கள். குடியாத்தம் ஆர்டர் தம்பி கணக்கில் ஏறிவிட்டது. டீயாவது என் கணக்கில் இருக்கட்டும்."

நாங்கள் மூச்சுவிடவில்லை. தம்பி டம்ளரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு அவனும் மாஸ்டரிடமே சொன்னான்:

"பாதி டீ எழுதினால் போதும் மாஸ்டர். அந்த ஆர்டரில் பாதி திரும்பி வந்துவிட்டது. அண்ணாவுக்கு இன்னும் தெரியாது."

சீனியர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அங்கேயே நின்று ஸ்டாக்கிஸ்டின் கிடங்கில் என்ன தேங்கியிருக்கிறது, யார் தலையில் கட்டச் சொன்னது, அடுத்த மாதம் யார் போவது எல்லாம் பேசி முடித்தார்கள்.

இந்தக் கிண்டலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மனக்குறை முழுவதையும் அவர் சொல்லிவிட்டார், ஒன்றையும் மறைக்கவில்லை. "பரவாயில்லை தம்பி" என்று பெரிய மனது காட்டியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும், தம்பியும் அதை நம்பியிருக்க மாட்டான். அதே சமயம் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் அது விசாரணையாகிவிடும். தம்பிக்கு அவர் ஒரு வாக்கியத்துக்கான இடம் மட்டும் விட்டார். அவன் அதில் உண்மையைக் கொண்டுவந்து வைத்தான். இன்னொன்றும் கவனியுங்கள். சாட்சி டீ மாஸ்டர். மேனேஜர் இல்லை. இதே வார்த்தைகளை மாதாந்திரக் கூட்டத்தில் மேனேஜர் எதிரில் சொல்லியிருந்தால் அதற்குப் புகார் என்று பெயர். எங்கே வைத்துச் சொன்னோம் என்பதைப் பொறுத்துத்தான் அது கிண்டலா, கோள் மூட்டலா என்று ஆகிறது.

இதை வள்ளுவர் சிரிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்லவில்லை, புறங்கூறாமை அதிகாரத்தில் வைத்துச் சொல்கிறார். "பகச்சொல்லிக் கேளிர்ப் பிரிப்பர் நகச்சொல்லி நட்பாடல் தேற்றா தவர்." சிரிக்கச் சிரிக்கப் பேசி நட்பை வளர்க்கத் தெரியாதவர்கள்தான் புறம் பேசி ஆளைப் பிரிக்கிறார்கள் என்கிறார். நம் அலுவலகங்களில் போய்ப் பாருங்கள். முகத்துக்கு நேரே கேலி பேசிக்கொள்ளும் குழுவில் முதுகுக்குப் பின்னால் பேச்சு குறைவு. எல்லோரும் எல்லோரையும் "சார்", "சார்" என்று அழைத்து, மரியாதை சொட்டச் சொட்டப் பேசும் குழுவில்தான் மேனேஜருக்கு இரவு பத்து மணிக்குத் தனிச் செய்தி போகிறது.

இப்போது கெட்ட சிரிப்பு. ஒரு கம்பெனியின் மாதாந்திரக் கூட்டம். ஹோட்டல் ஹாலில் திரையில் பட்டியல்: பச்சை, மஞ்சள், சிவப்பு. கடைசி வரியில் ஒரு பையன். மேனேஜர் சொன்னார்: "கவலைப்படாதே, தாளைத் தலைகீழாகப் பிடித்தால் நீதான் முதலிடம்." ஹாலே சிரித்தது. பையனும் சிரித்தான், எல்லோரையும்விடச் சத்தமாக. "நன்றாக எடுத்துக்கொண்டான் பாருங்கள்" என்று மேனேஜர் பிறகு என்னிடம் பெருமைப்பட்டார். மேலதிகாரி சொல்லும் நகைச்சுவைக்குக் கீழே இருப்பவர் சிரிப்பது சிரிப்பில் சேராது, வருகைப் பதிவேட்டில் சேரும். வாலாஜாவில் புதிதாக ஒரு மருத்துவமனை திறக்கப்போவது அந்தப் பையனுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. குழுவில் ஒருவரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. பிறகு வேறு கம்பெனிக்குப் போனான், அந்த மருத்துவமனையையும் கூடவே கொண்டுபோனான்.

அதே ஹாலில் பின்வரிசையில் இன்னொன்று நடக்கும். முன்னால் ஒருவர் தன் கணக்கைச் சொல்லித் திணறிக்கொண்டிருப்பார், பின்னால் இரண்டு பேர் காதோடு காது பேசிச் சிரிப்பார்கள். அவர்கள் கிரிக்கெட்டைப் பற்றித்தான் சிரித்திருப்பார்கள். ஆனால் முன்னால் நிற்பவருக்கு அது தன்னைப் பற்றிய சிரிப்பு. பெரியவர்கள் இருக்கும் அவையில் காதில் ஓதுவதும் சேர்ந்து சிரிப்பதும் ஆகாது என்று இதற்கும் மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. அந்தக் காலத்து மன்னர்களும் டார்கெட் போட்டிருப்பார்களோ என்னவோ.

அப்படியானால் எதைப் பார்த்துச் சிரிப்பது? இதில் நம் ஊரே நமக்குப் பாடம் எடுத்திருக்கிறது. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பட்டியல் உண்டு. சொல்பவரின் வாய்க்கு ஏற்ப அது நீளும். வெளியூர்க்காரர் யாராவது இதைச் சொல்லி நம்மை மட்டம் தட்ட நினைத்தால் ஏமாந்துபோவார், ஏனென்றால் அவர் வாயைத் திறப்பதற்கு முன் நாமே சொல்லி முடித்துவிடுவோம். ஜலகண்டேசுவரர் 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், 2021 நவம்பரில் பாலாறு கரை தெரியாமல் ஓடியது. பட்டியலில் ஓட்டை விழுந்தும் நாம் விடுவதாக இல்லை. (கோட்டைக்கு ராஜாவும் வந்திருக்கிறார். கண்டியின் கடைசி அரசர் இங்கே கைதியாக இருந்து 1832-இல் காலமானார். விருந்தாளியாக வரவில்லை, அவ்வளவுதான்.) வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் டையும் ஷூவும் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்ன கம்பெனி விதி ஒன்றே போதும், ஒரு குழு மே மாதம் முழுவதும் சிரிக்கலாம். எல்லோர் தலையிலும் சமமாக விழுவதைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள்.

தன்னைத் தானே கேலி செய்துகொள்வதற்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதை ஜெயித்த மாதத்தில் செய்யுங்கள். டார்கெட்டைத் தாண்டியவர், "டாக்டர் என் பெயரையே மாற்றித்தான் கூப்பிடுகிறார், மாத்திரைப் பெயர் மட்டும் சரியாக எழுதுகிறார்" என்று சொன்னால் மற்றவர்களின் வயிற்றெரிச்சல் பாதி அடங்கும். தோற்ற மாதத்தில் சொன்னால் அதை மேனேஜர் வாக்குமூலமாக எழுதிக்கொள்வார்.

நேரமும் முக்கியம். 30-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு யாரிடமும் வேடிக்கை பேசாதீர்கள். முதல் தேதி காலையில் பேசுங்கள். அன்றைக்குத்தான் எல்லோருடைய எண்ணும் பூஜ்யம். வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம். நேரில் கண்ணைச் சிமிட்டிச் சொன்னால் வேடிக்கையாக இருப்பது, எழுத்தில் போனால் இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் படிக்கப்படுகிறது. கைதட்டல் பொம்மை ஒன்றைக் கடைசி இடத்துக்காரரின் பெயருக்குக் கீழே போட்டதில் முறிந்த நட்புகளை நான் அறிவேன்.

பெண்கள் இங்கே கணிசமாக வந்திருக்கிறீர்கள். மருந்துத் துறையில் மட்டுமில்லை, ஜவுளி, நகை, வங்கிக் காப்பீடு என்று எல்லா விற்பனையிலும் இருக்கிறீர்கள். "அவருக்கென்ன, சிரித்தாலே ஆர்டர் விழும்" என்று ஒருவன் சொன்னால் அது நகைச்சுவை இல்லை. அதற்குச் சாமர்த்தியமாகச் சிரித்துப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்று, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து பேர் கொண்ட குழுவில் முதலாவதாக வருபவருக்கு மட்டும் ஊக்கத்தொகை என்று திட்டம் போட்டுவிட்டு, பிறகு "குழுவில் ஒற்றுமை இல்லை, சிரிப்பு யோகா நடத்துங்கள்" என்று என்னைப் போன்றவர்களை அழைக்கிறீர்கள். நான் வந்து பேசிவிட்டு, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு போகிறேன். திட்டம் அப்படியே இருக்கிறது. ஸ்டாக்கிஸ்டின் கிடங்கில் சரக்கைத் திணிக்கச் சொல்லும் மேனேஜருக்கு முன்னால் எந்தக் கிண்டலும் எடுபடாது. ஏரியாவை ஒழுங்காகப் பிரியுங்கள், இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய ஆர்டரை இரண்டு பேருக்கும் எழுத ஒரு வழி வையுங்கள். சிரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், டீக்கடை இருக்கிறது.

ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "எங்கள் மேனேஜருக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது. என்ன செய்வது?" ஒன்றும் செய்யாதீர்கள் தம்பி. அவரிடம் கணக்கை மட்டும் கொண்டுபோங்கள், அதுவும் அவர் சாப்பிட்ட பிறகு. சீட்டில் உங்கள் பெயரையும் கம்பெனியையும் எழுதியிருக்கிறீர்கள், அதைக் கிழித்துவிட்டேன்.

நன்றி, வணக்கம்.