பூவோடு சேர்ந்த நார்

விழாத் தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பியே, தாய்மார்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ஒரு கல், ஓர் உருண்டை, இரண்டும் சேர்ந்தால் பிறக்கும் ஓர் ஒளி. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, அதுதான் இன்றைய பேச்சு.

முதலில் உருண்டை. என் அத்தை பட்டுப்புடவைப் பெட்டியில் நான்கு பாச்சை உருண்டை போடுவார். ஆடியில் போட்டவை தையில் திறந்தபோது இல்லை. அதே வாரம் அலமாரியிலிருந்த பெப்பர்மின்ட் பொட்டலமும் காணவில்லை. "இரண்டையும் தின்றது இவன்தான்" என்று முதுகில் இரண்டு வைத்தார். பாட்டி பதறிப்போய் உப்புநீரோடு வந்துவிட்டாள். பெப்பர்மின்ட்டைத் தின்றது நான்தான். உருண்டையைத் தின்றது காற்று! உருண்டையிலிருந்த நாப்தலீன் உருகாமலே ஆவியாகும் என்று சொல்ல அன்று எனக்குப் படிப்பில்லை.

அந்த ஆவி, நான் சொன்ன கல்லான சியோலைட் என்ற நுண்துளைக் கல்லுக்குள் நுழையும். ஃபாஜசைட் என்ற வகையில் 7.4 ஆங்ஸ்ட்ராம் வாசல், உள்ளே 13 ஆங்ஸ்ட்ராம் அறை. ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. கல்லில் அலுமினியம் இருக்குமிடமெல்லாம் எதிர்மின்சுமை. அதை ஈடுகட்டச் சோடியம் அயனிகள் குடியிருக்கும். அவற்றில் பெரும்பகுதியைக் கரைசலில் ஊறவைத்தே மாற்றிவிட்டுச் சீசியத்தையோ தாலியத்தையோ குடிவைக்கலாம். தாலியம் கொடிய நஞ்சு, வீட்டில் முயல வேண்டாம்!

சோடியம் அறையில் புறஊதா ஒளி பட்ட நாப்தலீன் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாவாகவே ஒளிரும். காற்றை வெளியேற்றிய தாலிய அறையிலோ அறை வெப்பநிலையிலேயே பச்சை சாயலோடு நின்றொளிரும், அதாவது சற்றுத் தாமதித்து ஒளிவிடும். வழக்கமாக இதைக் காணத் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரிக் குளிர் வேண்டும். இந்த ஒளிக்குக் கிளர்ந்த எலக்ட்ரான் தன் சுழற்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டும்; அதற்கு இயற்கை எளிதில் இடம்கொடுக்காது. தாலியம் போன்ற கனத்த அணு பக்கத்தில் இருந்தால் அந்தக் கட்டு தளரும். 1952இல் காஷா என்ற வேதியியலாளர் இரண்டு நிறமற்ற திரவங்களைக் கலந்தபோது மஞ்சள் நிறம் தோன்றியது, இந்தப் பக்கத்துவீட்டு விளைவால்தான். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வி. ராமமூர்த்தியும் கூட்டாளிகளும் இதைச் சியோலைட்டில் காட்டினார்கள். பூவோடு சேர்ந்த நார்!

வட்டாட்சியர் அவர்களே, நம் பள்ளிப் பிள்ளைகள் எதோடு சேருவார்கள்? ஆய்வகம் ஏழு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. புறஊதா விளக்கு உள்ளே பெட்டியைவிட்டு வெளிவரவில்லை. சாவி ஓய்வுபெற்றவரோடு போயிற்றாம். வாசலில் கையெழுத்துத் தாள் இருக்கிறது. முதல் இடத்தை உங்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறோம், பேனாவும் கட்டித் தொங்குகிறது.