டிக் அடிச்சாச்சு, செஞ்சாச்சா? பெருந்தொற்றும் பல் டாக்டர்களும்

[காட்சி: கருப்புப் பின்னணி. ஏரோட்டர் நுனி, மிக அருகில், மெதுவோட்டத்தில். நீர்த்துளிகள் சிதறுகின்றன.]

இந்தச் சத்தம் கேட்டாலே பல் கூசும், இல்லையா? ஏரோட்டர், அதாவது பல்லைக் குடையற மிஷின். நிமிஷத்துக்கு 3 லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அந்தச் சூட்டுல பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு கெட்டுப் போகாம இருக்க, நுனியில தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும். அது எச்சிலோட, சில நேரம் ரத்தத்தோட கலந்து மேல எழும்பும். பெரிய துளியெல்லாம் டாக்டரோட கண்ணாடியில, நோயாளியோட நெஞ்சுல விழுந்துடும். ரொம்பச் சின்னது விழாது, காத்துலயே மிதக்கும். அதுக்குப் பேர்தான் ஏரோசால்.

2020 மார்ச் 11. கோவிட் ஒரு பெருந்தொற்றுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. எல்லா டாக்டரும் "மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க"ன்னு சொல்லிட்டிருந்தப்போ, பல் டாக்டர் மட்டும் "மாஸ்க்கைக் கழட்டி வாயைத் திறங்க"ன்னு சொல்ல வேண்டிய நிலைமை. (காது மூக்கு தொண்டை டாக்டருங்க கோவிச்சுக்காதீங்க, உங்க பாடும் அதேதான்.)

அந்த வருஷமே நாட்டுக்கு நாடு பல் டாக்டர்கள்கிட்ட சர்வே எடுக்க ஆரம்பிச்சாங்க. அறிவு, மனப்பான்மை, நடைமுறை. என்ன தெரியும், என்ன நினைக்கிறீங்க, என்ன செய்றீங்க. இங்கிலீஷ் முதலெழுத்தைச் சேர்த்து கேஏபி சர்வேன்னு சொல்வாங்க.

அறிவுல பெரும்பாலும் நல்ல மார்க்தான். அதுல பெருசா கதை இல்ல. ஆனா ஒண்ணை மறந்துடாதீங்க. இதுல நிறைய சர்வே ஆன்லைன் ஃபார்ம். ஆர்வம் இருக்கிறவங்கதான் உட்கார்ந்து நிரப்புவாங்க. அப்புறம், "ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவுறீங்களா?"ன்னு கேட்டா, எந்த டாக்டர் "இல்ல"ன்னு டிக் அடிப்பார்?

[காட்சி: பூட்டிய கிளினிக் கதவு. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.]

மனப்பான்மைன்னு வந்தா, முதல்ல பயம். தனக்கு வந்துடுமோங்கிறதை விட, வீட்டுக்குக் கொண்டு போயிடுவோமோங்கிற பயம். இங்கிலாந்தில 2020 மார்ச் 25-ல வழக்கமான பல் சிகிச்சையை நிறுத்தினாங்க. மறுபடி திறக்க ஜூன் 8 ஆச்சு. அதுவரைக்கும் பெரும்பாலும் போன்லதான் வைத்தியம்: ஆலோசனை, வலி மாத்திரை, தேவைன்னா ஆன்டிபயாடிக்.

விளைவு? அந்த ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் பல் டாக்டர்கள் எழுதின ஆன்டிபயாடிக், முந்தைய வருஷத்தை விட சுமார் 25% கூடிப்போச்சு. பல் நரம்பு அழற்சியால வர்ற வலிக்கு ஆன்டிபயாடிக் கேட்காது, பல்லைத் திறந்து சிகிச்சை பண்ணணும். இது காலேஜ்லயே படிச்ச பாடம். ஆனா கதவு சாத்தியிருக்கு, போன்ல ஒருத்தர் வலியில துடிக்கிறார், வீக்கம் இருக்கான்னு நேர்ல பார்க்கவும் வழியில்ல. பேனா தானா அந்தப் பக்கம் போகும். நான் அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அறிவு குறையல, வழி அடைஞ்சு போச்சு.

இப்போ நடைமுறை. 2020 ஜூன்ல அமெரிக்காவில 2,195 பல் டாக்டர்கள்கிட்ட கேட்டாங்க. முன்னை விடக் கூடுதலா தொற்றுத் தடுப்பு பண்றோம்னு சொன்னவங்க 99.7%. பாதுகாப்புக் கவசத்தை அரசு வழிகாட்டுதல்படியே போட்டவங்க? 72.8%. இத்தனைக்கும் அது என்95 மாஸ்க்குக்கு அலைஞ்ச காலம். அதே ஆய்வுல, கோவிட் வந்தவங்க, வந்திருக்கலாம்னு கணக்குல எடுத்தவங்க, ரெண்டும் சேர்ந்து 0.9% தான். பயந்த அளவுக்கு இல்ல.

[காட்சி: கவசம் கழற்றும் கைகள், மிக அருகில்.]

போடறது சுலபம். கழட்டறதுலதான் கோட்டை விடுவாங்க. முதல்ல கிளவுஸ். அதை உரிக்கும்போது வெளிப்பக்கம் உள்ளே சுருண்டு போகணும். அப்புறம் ஃபேஸ் ஷீல்டு, பின்பக்கம் பிடிச்சு. அடுத்து கவுன். மாஸ்க் கடைசி, அதுவும் அறையை விட்டு வெளிய வந்து. நாள் முழுக்க வேர்த்து ஊறின முகம், மூக்குல அரிப்பு. கை நேரா மாஸ்க்குக்குத்தான் போகும். இந்த ஒரு நொடியை எந்தக் கேள்வித்தாளும் பிடிக்காது.

காத்தும் அப்படித்தான். "உங்க அறையில காற்றோட்டம் இருக்கா?" இருக்கு, டிக். ஆனா கேட்க வேண்டியது, மணிக்கு எத்தனை தடவை அறைக் காத்து மாறுது? 6 தடவைன்னா, மிதக்கறதுல 99% வெளியேற 46 நிமிஷம் ஆகும். 12 தடவைன்னா 23 நிமிஷம். ரப்பர் டேம் (வேலை நடக்கிற பல்லை மட்டும் வெளிய விட்டு வாயை மறைக்கிற ரப்பர் ஷீட்) போட்டு, பக்கத்துலயே வேகமான சக்ஷன் (உறிஞ்சு குழாய்) பிடிச்சா, கிளம்பற ஏரோசாலே குறையும். மிச்சத்துக்குக் காத்திருக்கத்தான் வேணும்.

[காட்சி: காலி நாற்காலி. சுவர்க் கடிகாரம், வேலை முடிந்து 20 நிமிடம். கதவுக்கு வெளியே ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். உதவியாளரின் கை கதவுப் பிடியில்.]

இந்த அறையில மணிக்கு 6 தடவை.