ஆச்சிக்கு ஒரு மடக்குக் கட்டில்

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் கேட்பது மிக்சி, அம்மா சட்னி அரைக்கிறார்கள், நிறுத்தச் சொன்னால் என்னையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை நெருங்குகிறது, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போக வீட்டில் சாமான் கட்ட ஆரம்பித்தாயிற்று, அந்தக் குவியலில் இருந்து இதோ இந்த ஒன்றை மட்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். மடக்குக் கட்டில். மூன்றாவது கட்டில் இது. முதல் இரண்டில் என்ன பாடுபட்டேன் என்று சொன்னால் உங்களுக்காவது காசு மிச்சமாகும்.

அந்தக் கோவிலுக்குப் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. முன்பெல்லாம் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டு நாள் கணக்கில் தங்குவார்கள், இப்போது வனத்துறை அனுமதிக்கும் நாட்கள் மட்டும்தான். ஆடி மாதம் என்றால் மலையில் சாரல். வெயில் அடிக்கும்போதே தூறும். தார்ப்பாய் விரித்து அதற்கு மேல் ஜமுக்காளம் விரித்தாலும் விடிவதற்குள் ஈரம் முதுகுக்கு வந்துவிடும், எறும்பு வரும், மரவட்டை வரும். எனக்கு அது பிரச்சினை இல்லை, நான் எங்கே போட்டாலும் தூங்குவேன். ஆச்சிக்கு 74 வயது. தரையில் படுத்தால் காலையில் தூக்கி நிறுத்த இரண்டு ஆள் வேண்டும், அதைவிட இரண்டு ஆளைக் கூப்பிடுவதற்கு ஆச்சி கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே படுத்தே கிடப்பார்கள். கட்டில் வாங்கும் யோசனை அங்கேதான் வந்தது.

சரி, முதல் கட்டில். வீட்டில் இருந்த நாடாக் கட்டில்தான், இரும்புப் பைப், நைலான் நாடா, நடுவில் மடிக்கிற மாதிரி. படுக்கச் சொன்னால் இன்றைக்கும் அதற்கு ஈடு கிடையாது, காற்று கீழிருந்து வரும், நாடா தளர்ந்தால் திரும்பப் பின்னிக்கொள்ளலாம், பைப் விட்டுப்போனால் தெருமுனை வெல்டிங் கடையிலேயே ஒட்டித் தந்துவிடுவார்கள். சொந்த வண்டியிலேயே மலைக்கு மேலே போன காலத்தில் வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு போனோம், யாருக்கும் தொந்தரவில்லை. அப்புறம் ஒரு வருடம் கார், வேனை எல்லாம் அடிவாரத்தில் அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் ஏற வேண்டும் என்று ஆகிவிட்டது. பத்து கிலோவுக்கு மேல் எடை, மடக்கினாலும் பாதிக் கதவு அளவு அகலம், அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நான் நின்ற கோலத்தையும் கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையையும் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். அவர் திட்டக்கூட இல்லை. "தம்பி, இதுக்கு எத்தனை டிக்கெட் போட?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது மெத்தென்று இருக்கிறதா என்பதை அல்ல. மடக்கிப் பையில் போடச் சொல்லி, தோளில் மாட்டி, மாடிப்படி இருந்தால் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். ஆறு ஏழு கிலோவுக்குள் இருந்தால் ஒரு ஆள் தாங்கும், அதுவும் மற்றொரு கையில் சோற்றுப்பானை இல்லை என்றால். இரண்டு கிலோ சொச்சத்தில் அலுமினியக் கட்டிலும் வருகிறது, மலையேறுபவர்கள் கொண்டுபோவது, ஆனால் தரையிலிருந்து ஒரு சாண்கூட உயரம் இருக்காது, விலையோ நாடாக் கட்டில் நாலைந்து வாங்கலாம். இளவட்டம் முதுகில் மாட்டி நடப்பதற்குச் சரி. ஆச்சிக்கு ஆகாது.

இரண்டாவது கட்டில் இணையத்தில் வாங்கினது. பெருக்கல் குறி போட்ட மாதிரி கால், மேலே துணி, பார்க்க ராணுவக் கட்டில் மாதிரி. 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தது. எங்கள் மாமா 92 கிலோ. முதல் ராத்திரி ஆச்சி நன்றாகத் தூங்கினார்கள். மறுநாள் காலையில் மாமா காப்பித் தம்ளரோடு வந்து கட்டிலின் நடு ஓரத்தில் உட்கார்ந்தார், பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்தார், அவர் மடியில் ஒரு பிள்ளை. டக் என்று ஒரு சத்தம். காப்பி கொஞ்சம் மாமா மேல், மீதி சித்தப்பா மேல். கால் இரண்டும் குறுக்கே சேரும் இடத்தில் இருந்த ரிவெட் பிய்ந்துவிட்டது, அலுமினியம் என்பதால் ஊர் வெல்டிங் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

இதில் தப்பு மாமா மேல் இல்லை. எழுதியிருக்கும் எடை ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுத்து, உடம்பு கட்டில் முழுக்கப் பரவும்போது தாங்கும் எடை. ஓரத்தில் உட்கார்ந்தால் அவ்வளவு பாரமும் ஒரு பக்கப் பைப்பிலும் அதற்குக் கீழே உள்ள ஒரு மூட்டிலும் இறங்குகிறது. திருவிழாவில் கட்டில் ராத்திரிக்குத்தான் கட்டில், பகலில் அது பெஞ்சு, வருகிறவர் போகிறவர் எல்லோரும் உட்காருவார்கள், எழுந்திரியுங்கள் என்று சொல்லவும் முடியாது, சொந்தக்காரர்கள். உங்கள் வீட்டில் உள்ளவர்களிலேயே கனத்த ஆள் ஓரத்தில் உட்காருவதாக நினைத்துக்கொண்டு, போட்டிருக்கும் எண்ணில் பாதியைத்தான் நம்பி வாங்குங்கள்.

இப்போது இதைப் பாருங்கள், கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். தெரிகிறதா, இந்த மூட்டு. போன கட்டிலில் இங்கே வெறும் ரிவெட், இதில் போல்ட், நட்டு, நடுவில் வாஷர். ஆடினால் ஸ்பானர் வைத்து முடுக்கிக்கொள்ளலாம், போனால் பத்து ரூபாயில் வேறு போல்ட் போடலாம். பைப் இரும்புதான், அதனால் அரைக் கிலோ கூடுதல், பரவாயில்லை. முனையில் ரப்பர் மூடி எல்லாக் காலிலும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

துணி. கித்தான் துணி உடம்புக்குச் சுகம், ஆனால் சாரலில் நனைந்தால் இரண்டு நாள் காயாது, அப்படியே மடக்கி வைத்தால் கரும்புள்ளி விழுந்து நாறும். நைலான் நனைந்தால் கொஞ்சம் தொய்யும். பாலியெஸ்டர் இதற்கு நடுவில், சீக்கிரம் காயும், வெறும் முதுகில் ஒட்டும், மேலே ஒரு பருத்திப் போர்வை விரித்தால் தீர்ந்தது. பத்தமடை எங்களுக்குப் பக்கம் என்பதால் போன தடவை ஒரு கோரைப் பாயைக் கட்டில் மேல் விரித்தேன், தரையில் அதற்கு நிகரில்லை, கட்டில் தொய்வில் வளைந்து வளைந்து மூன்றாம் நாள் நடுவில் கோரை ஒடிந்துவிட்டது. அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது எல்லோரும் மல்லாக்கப் படுத்துவிட்டு, ஆகா என்று எழுந்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் படுங்கள், வெட்கப்படாதீர்கள், காசு கொடுக்கப் போகிறவர் நீங்கள். ஒருக்களித்துப் படுங்கள், அப்போதுதான் இடுப்பெலும்பு கீழே உள்ள குறுக்குக் கம்பியில் தட்டுகிறதா என்று தெரியும். மல்லாக்கப் படுக்கும்போது இரண்டு முழங்கையும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பைப் மேல் என்றால் ராத்திரியில் கை மரத்துப்போகும். பெரும்பாலும் 65 அல்லது 70 சென்டிமீட்டர் அகலத்தில்தான் வருகிறது, கொஞ்சம் தோள் அகன்றவர்களுக்கு அது பத்தாது, 80-க்கு மேல் பாருங்கள். உயரமானவர்கள் குதிகால் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள், கடைசிக் கம்பியில் விழுந்தால் விடிய விடிய அதே நினைவுதான். அப்புறம் தலைமாட்டு ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து பாருங்கள், கால்கள் உள்ளே தள்ளி இருக்கும் கட்டிலாக இருந்தால் மறுபக்கம் சீசா மாதிரி எழும்பும். ஆச்சி எப்போதும் உட்காருவது அங்கேதான்.

உயரம் பற்றிச் சொன்னேனே, இதற்கு நான் ஒரு காரியம் செய்தேன். ஆச்சியை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் டேப் வைத்து அளந்தேன். 39 சென்டிமீட்டர். "என்னலே, பாவாடை தைக்கப் போறியா?" என்று கேட்டார்கள். அதே அளவை எழுதிக்கொண்டுபோய், துணி தொய்ந்த பிறகு உட்காரும் உயரம் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிற கட்டிலாக எடுத்தேன். அதைவிடத் தாழ்ந்தால் எழும்போது முட்டி வலிக்கும், ரொம்ப உயர்ந்தால் இருட்டில் காலை ஊன்றத் தரை கிடைக்காது. உயரம் இருப்பதில் இன்னொரு லாபம், கீழே சாமான் வைக்கலாம். எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் அரிசிப் பை, எவர்சில்வர் தூக்கு, அந்தக் கோவிலில் உள்ள பட்டவராயன் சாமிக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகும் புதுச் செருப்பு, எல்லாம் நனையாமல் இருக்கும்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் நானே ஏமாந்தேன். டிசம்பரில் நண்பர்களோடு கொடைக்கானல் பக்கம் கூடாரம் போட்டோம், நான் மட்டும் பெருமையாகக் கட்டில் கொண்டுபோனேன். தரையில் படுத்தவர்கள் தூங்கினார்கள், நான் நடுங்கினேன். கோடையில் கட்டிலைச் சுகமாக்கும் அதே கீழ்க்காற்றுதான் குளிரில் முதுகைப் பிடிக்கிறது. ஸ்லீப்பிங் பேக் இருந்ததே என்று கேட்பீர்கள், உடம்பு பாரத்தில் முதுகுப் பக்கம் அது அமுங்கி, சூடு பிடிக்கிற காற்று அதில் இல்லாமல் போய்விடுகிறது. போர்வையை மேலே மேலே போட்டுக்கொண்டு பயனில்லை, கீழே போட வேண்டும். ஒரு விரல் கனத்தில் சுருட்டுகிற ஃபோம் பாய் ஒன்று துணிக்கு மேல் விரித்தால் போதும், மறுநாள் அப்படித்தான் சமாளித்தேன்.

கூடாரத்துக்குள் போடுவதாக இருந்தால் கூடாரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். இரண்டு பேர் கூடாரம் என்பது உச்சியிலேயே இடுப்பளவு உயரம்தான், அதில் இந்தக் கட்டிலைப் போட்டால் எழுந்து உட்காரும்போது துணி தலையில் இடிக்கும், கால்மாடு சரிவில் முட்டும். தனித்தனிக் கால் உள்ள கட்டில் கூடாரத் தரையைப் பொத்துவிடும். அடியில் நீளவாக்கில் பைப் ஓடுகிற மாதிரி இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. ஆற்று மணலில் போடும்போது தனிக்கால் ஒரு பக்கம் புதையும், ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் சரிந்துகிடப்பார். அதற்கு நாங்கள் செய்வது, ஒவ்வொரு காலுக்கும் அடியில் தட்டையான ஒரு கூழாங்கல், கல் கிடைக்காவிட்டால் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாம், சமையல் நடக்கிற இடத்தில் சிரட்டைக்குப் பஞ்சமா?

கீச்சுச் சத்தம் வந்தால் எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டும். மெழுகுவர்த்தியை மூட்டில் தேய்த்தால் நின்றுவிடும்.

புதுக் கட்டிலைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோகவும் கூடாது. துணியை இழுத்துக் கடைசிக் கம்பியை மாட்டுவது முதல் சில தடவை பெரிய மல்லுக்கட்டு, வீட்டிலேயே நாலு தடவை போட்டுப் பழகுங்கள், துணியும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒரு முனையைத் துளையில் மாட்டிவிட்டு, மறுமுனையைக் கையால் இழுக்காமல், இப்படி, காலால் மிதித்து உள்ளே தள்ள வேண்டும். விரலை நடுவில் விடாதீர்கள். மேலே சுற்றி வருகிற பிளாஸ்டிக் உறையை வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிடுங்கள், வனத்துறைச் சோதனைச்சாவடியில் எப்படியும் வாங்கிவிடுவார்கள்.

சரி, இதை இப்போது திரும்ப அதே பைக்குள் போட வேண்டும். வாங்கின அன்றைக்கு உள்ளே இருந்த கட்டில்தான், அதே பைதான், ஜிப் மட்டும் பாதிக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. அம்மா, ஒரு நிமிடம் இங்கே வந்து இந்த முனையை அமுக்கிப் பிடியுங்களேன். அந்த மிக்சியை அணைத்துவிட்டு வாருங்கள்.