மூளைக்குள் இரும்பு போகும் வழி: வேலூர்க் கோட்டை அகழியோரம் ஒரு பேச்சு

வணக்கம் நண்பர்களே. பின்னால் தெரிவது வேலூர்க் கோட்டை அகழி. மணி ஆறரை. எட்டு மணி ஆகிவிட்டால் வெயில் என்னை இங்கே நிற்க விடாது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகளுக்கு இரத்தசோகை. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாமா, இது மூளைக்கும் போகுமா?" என்று கேட்டாள். போகும், ஆனால் சும்மா விடமாட்டார்கள் கண்ணு என்றேன்.

மூளையின் இரத்தத் தந்துகிகளை, அதாவது முடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்களை, நீட்டிக் கோத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வருமாம். ஏறக்குறைய இங்கிருந்து கன்னியாகுமரி. அவ்வளவு நீளத்துக்கும் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கின்றன. இதுதான் இரத்த-மூளைத் தடை. இரும்பைத் தனியாக விட்டால் செல்களை அரித்துக் கெடுக்கும். அதனால் இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைச் சுமக்கிறது, ஒரு நடைக்கு இரண்டு அணு. மூளைத் தந்துகியின் சுவரில் அந்த டிரான்ஸ்ஃபெரினைப் பிடிப்பதற்கென்றே ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. மற்ற உறுப்புகளின் தந்துகிகளில் இவை காணப்படவில்லை என்று 1984-இல் ஜெஃப்ரீஸ் குழுவினர் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஏற்பி பிடித்ததும் செல் அந்தச் சுமையை ஒரு சிறு பைக்குள் உள்ளிழுக்கிறது. பைக்குள் அமிலம் ஏறுகிறது. இரும்பின் பிடி தளர்கிறது. எலக்ட்ரான் ஒன்று பெற்று வடிவம் மாறி, டிஎம்டி1 என்ற வாசல் வழியாகப் பையை விட்டு வெளியேறுகிறது. நேதாஜி மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிய லாரி காலியாகத் திரும்புகிறதே, அப்படி டிரான்ஸ்ஃபெரின் இரத்தத்துக்கே திரும்பிவிடும். லாரியே சுவரைக் கடந்து மறுபக்கம் போகிறதா என்ற வாதம் ஆராய்ச்சியாளர்களிடையே வெகுகாலம் நடந்தது.

செல்லுக்குள் இறங்கிய இரும்பு ஃபெரோபோர்ட்டின் என்ற இன்னொரு வாசல் வழியாக மூளைப் பக்கம் வருகிறது. அங்கே தாமிரம் கொண்ட செரூலோபிளாஸ்மின் என்ற புரதம் அதைப் பழைய வடிவத்துக்கு மாற்ற, மூளையின் சொந்த டிரான்ஸ்ஃபெரின் சுமந்துகொள்கிறது. மூளையில் இரும்பு குறைந்தால் சுவரில் ஏற்பிகள் கூடுகின்றன. இதே வாசலை மருந்துக்கும் பயன்படுத்திவிட்டார்கள்: ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு நொதியை ஒட்டவைத்த ஒரு மருந்துக்கு, ஒரு நொதி குறைவதால் வரும் ஹண்டர் என்ற பரம்பரை நோய்க்காக, ஜப்பான் 2021-இல் அனுமதி கொடுத்தது.

குழந்தை வளர்த்தவர்கள் மட்டும் இதைக் கவனியுங்கள். கைக்குழந்தையின் உடல் கிடைக்கிற இரும்பை முதலில் சிவப்பணுக்களுக்கே கொடுக்கும், மூளைக்கு அதன் பிறகுதான். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே மூளையில் குறை வந்திருக்கலாம்.

சரி, அக்கா மகள் கதைக்கு வருகிறேன். ஒரு மாதம் மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் பெரிதாக ஏறவில்லை. விசாரித்தால், தினமும் காலை டீயோடு விழுங்கியிருக்கிறாள்! மூளையின் வாசல் எங்கே, இவள் மாத்திரை எங்கே; குடல் வாசலிலேயே டீ மறித்து உட்கார்ந்திருக்கிறது.