குளிரும் தாய்ப்பாலும்: பச்சிளங்குழந்தையின் முதல் வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் உதகையிலும் குந்தா பக்கத்திலும் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். அந்த நாட்களில் பிரசவமாகி வீட்டுக்கு வரும் தாயிடம் எல்லாரும் முதலில் சொல்வது, “பிள்ளையை நல்லாப் போர்த்தி வை” என்பதுதான். அக்கறையில் சொல்வது, குறை சொல்ல முடியாது. ஆனால் நம் நீலகிரி மலையில் குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் போவதற்கு அந்தப் போர்வையே பல நேரம் காரணமாகிவிடுகிறது.

பிறந்த குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. உடம்பிலுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்துத்தான் சூடு உண்டாக்கும். சர்க்கரை குறைந்தால் சோர்ந்துபோகும். சோர்ந்த பிள்ளை உறிஞ்சாது. உறிஞ்சாத பிள்ளைக்குச் சூடு இன்னும் குறையும். இது ஒரு பக்கம். மறுபக்கம், ஸ்வெட்டர், சால்வை, கம்பளி என்று மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் கதகதப்பில் நாலு மணி, ஐந்து மணி நேரம் தூங்கிவிடும். “தொந்தரவே இல்லை, நல்லாத் தூங்குது” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். முதல் வாரத்தில் கவனிக்க வேண்டியதே அந்தத் தூக்கத்தைத்தான். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். கடைசியாகக் குடித்து 3 மணி நேரம் ஆகிவிட்டால், ராத்திரியானாலும் போர்வையை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள்.

சூடும் பாலும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் தாயின் நெஞ்சு. குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், கீழே கட்டும் துணி இவை மட்டும் போதும். வேறு துணி இல்லாமல் இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்ந்த வாக்கில் படுக்க வையுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கட்டும், முகவாய் நெஞ்சில் அழுந்தக் கூடாது, மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் உங்கள் ஸ்வெட்டரையும் கம்பளியையும் இருவருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள்ளலாம். தூக்கம் கண்ணைச் சுற்றினால் குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அப்பாவும் இதே மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம். பிறந்த உடனேயே இதைத் தொடங்கி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிட வேண்டும். சிசேரியன் ஆனாலும், தாய் நினைவோடு இருந்தால், நர்ஸ் துணையோடு கொடுக்கலாம்.

பால் கொடுக்கும்போது குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். தடித்த கம்பளி இடையில் இருந்தால் அதன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டாது. உடம்பு மேலே பார்த்தும் முகம் மட்டும் திரும்பியும் இருக்கும். அந்த நிலையில் காம்பு நுனிதான் வாய்க்குள் போகும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேராக வரும்படி பிடித்து, காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாயைப் பெரிதாகத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோக வேண்டாம். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரிந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து, பிடியை விடுவித்து, மறுபடி வையுங்கள். காம்பு வெடிப்பது பெரும்பாலும் இந்தப் பிடி சரியில்லாததால்தான்.

கையுறையையும் கழற்றிவிடுங்கள். பசி வந்தால் குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். கையுறைக்குள் மூடியிருந்தால் அது உங்களுக்குத் தெரியாது. அழுகை பசியின் கடைசி அடையாளம். அழுது களைத்த பிள்ளைக்கு வாயில் பிடிக்கவும் வராது.

முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுகூட இருக்காது. குழந்தையின் இரைப்பைக்கு அதுவே போதும். பால் வரவில்லை என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் நாக்கில் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். குளிருக்கு இதம் என்று வெந்நீர் கொடுப்பதும் வேண்டாம். வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும், பால் சுரப்பதும் குறையும். 6 மாதம் முடியும்வரை தண்ணீரே தேவையில்லை. தாய் மட்டும் தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கலாம். அவள் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பத்தியம் போடுவது வீண் கஷ்டம்.

மூன்று நாலு நாளில் மார்பு கல்லாகக் கனத்தால், கொடுக்கும் முன் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, கருவட்டம் இளகும்வரை கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுங்கள்.

பால் போதுமா என்பதை ஈரத்துணி சொல்லும். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து 6 முறைக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். டயப்பரில் எண்ணிக்கை தெரியாது. முதல் வாரம் துணியே கட்டுங்கள். கரும்பச்சை மலம் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாகிவிட வேண்டும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும்.

அறையில் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு மணம் இருக்காது, தாயையும் பிள்ளையையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மஞ்சள்காமாலைக்கு வெயிலில் காட்டலாம் என்று மேகம் விலகக் காத்திருப்பதும் கூடாது. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால்வரை பரவினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சூட்டை அறியப் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் உடனே நெஞ்சோடு வைத்துப் பால் கொடுங்கள். வயிறும் சில்லென்றிருந்தால், எழுப்பியும் குடிக்காவிட்டால், மூச்சு வாங்கினால் 108-க்குக் கூப்பிடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்து எஸ்டேட்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர நேரமாகும். அந்த வழி முழுக்கக் குழந்தையைத் தனியாகத் துணியில் சுற்றி மடியில் கிடத்தாமல், குல்லா போட்டு, உங்கள் நெஞ்சின் தோலோடு தோலாகச் சேலையால் கட்டி, மேலே போர்த்தி, முகம் தெரியும்படி கொண்டுவாருங்கள்.